பார்த்தது பேனாவில், நினைத்தது பென்சிலில்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை யாரும் நீக்கவில்லை, நானும் வெளியேறவில்லை. போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு ஜாப் கார்டு, ரிப்பேருக்கு வரும் மெஷினைப் பற்றி நாங்கள் எழுதிவைக்கும் அட்டை. பீரோவைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். இப்போது கார்டெல்லாம் இல்லை, ஆப்தான். என்ன கோளாறு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், ஒன்றில் டிக் அடித்தால் அடுத்த மெஷினுக்குப் போய்விடலாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்தப் படத்தின் கீழே கேட்டிருந்தாள்: "லோகு மேடம், பாதி பேனால, பாதி பென்சில்ல எழுதியிருக்கீங்களே, நடுவுல பேனா தீர்ந்துபோச்சா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பதில் எழுதலாம் என்று அரை மணி நேரம் போனில் தட்டிப் பார்த்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேனா தீரவில்லை, பெண்ணே. அது ஒரு பெரிய கதை.

கள்ளிக்குப்பம்தான் எனக்குப் பிறந்த ஊரும் இப்போது இருக்கிற ஊரும். அங்கே வயல் இருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். வயல் மனையானது, மனை வீடானது, எங்களுக்குக் கம்பெனி வேலை வந்தது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சேற்றில் நின்று அம்மாவின் காலில் வந்த புண்ணைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். வகுப்பில் மூன்றே பெண்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிவி பெட்டி பொருத்தும் கம்பெனியில் எட்டு வருடம் சால்டரிங் வைத்தேன். அந்தக் கம்பெனியை மூடியதும், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இந்த சென்டரில் சேர்ந்து, முதலில் மானிட்டர், பிறகு பிரிண்டர், கடைசியில் லேப்டாப் என்று காலத்தை ஓட்டினேன்.

டிவி கம்பெனியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அங்கே ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எதற்கும் குறைவிருக்காது. எல்லா பெஞ்சுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்தத் தட்டை யார் தூக்கி வருவது என்பதில்தான் விஷயம் இருந்தது. எங்கள் தெருவில் இருந்து வேலைக்குப் போன பெண்கள் யார் கைக்கும் எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அது வந்ததில்லை. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. பெஞ்சைக் கழுவித் துடைக்கக் கூப்பிடுவார்கள். தட்டு மட்டும் எங்களைத் தாண்டிப் போகும்.

சர்வீஸ் சென்டருக்கு வந்த முதல் வருடம் ஆயுத பூஜை அன்று, பழக்க தோஷத்தில் பக்கெட்டும் துணியுமாக ஓரமாக நின்றேன். மேனேஜர் தணிகாசலம் சார் என்னைப் பார்த்துத் தட்டை நீட்டினார். "லோகநாயகி, சந்தனம் நீங்க கரைங்க. சால்டரிங் அவ்ளோ நிதானமா வைக்கிற கை, பொட்டு வைக்காதா?" என்றார். அவர் அதைப் பெரிய காரியமாக நினைத்துச் செய்யவில்லை. எனக்குத்தான் அது பெரிய காரியம். அன்று முதல் அந்தத் தட்டு என்னுடையது. வருடா வருடம் தீபாவளிக்கு எடுக்கிறேனோ இல்லையோ, ஆயுத பூஜைக்குப் புதுப் புடவை எடுத்துவிடுவேன்.

தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்லாமல் பென்சில் கதை நகராது. பட்டாபிராமில் இருந்து ரயிலில் வருவார். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் எப்போதும் இருக்கும். எங்களை எல்லாம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரலை உயர்த்திக் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒருமுறை பாபு ஒரு கஸ்டமர் மெஷினில் படம் பார்த்துக்கொண்டே டீயைக் கொட்டிவிட்டான். அன்று அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். பாபு என் பக்கத்து பெஞ்ச். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் என்னைவிட நீளம்.

சாருடைய சென்டரில் ஜாப் கார்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்ததைப் பேனாவில் எழுதவேண்டும். மனதில் நினைத்ததைப் பென்சிலில் எழுதவேண்டும். "ஃபேன் சுத்தவில்லை" என்பது பேனா. "ஃபேன் போயிருக்கலாம்" என்பது பென்சில். நினைத்தது சரி என்று கண்ணால் பார்த்த பிறகு பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவில் எழுதலாம். புதிதாக வந்தவர்களுக்கு இது பள்ளிக்கூடத்து வேலையாகத் தெரியும். ஒரு மாதம் போனால்தான், நாம் பார்த்ததாகச் சொல்வதில் பாதி நினைத்தது என்று தெரியவரும்.

அடிக்கடி நின்றுபோகிறது என்று ஒரு லேப்டாப் வந்தால் அவர் எங்களை உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடமாட்டார். எப்போது நிற்கிறது, எங்கே வைத்து வேலை செய்கிறார்கள், சார்ஜர் போட்டிருந்ததா, பக்கத்தில் என்ன இருந்தது என்று முதலில் கேட்டு எழுதவேண்டும். பிறகு கஸ்டமரின் சார்ஜரிலேயே ஓட்டிப் பார்க்கவேண்டும், நம்முடையதில் அல்ல. அதன் பிறகு சூடு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். "ரெண்டை ஒண்ணா மாத்தினா, எது சரிபண்ணுச்சுன்னு மெஷினா வந்து சொல்லும்?" என்பார். எல்லாம் பார்த்தும் கோளாறு பிடிபடவில்லை என்றால் 'குறை இல்லை' என்று எழுதக்கூடாது. 'எங்களுக்குத் தெரியவில்லை' என்றுதான் எழுதவேண்டும். மேலிடத்தில் இருந்து இதற்காக அவருக்கு நிறைய மெயில் வந்திருக்கிறது. அவர் மாறவில்லை.

மாறியது நான்தான். ஒரே ஒரு முறை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் கவிதா என்கிற பெண் வந்தாள். தேனிப் பக்கம் சொந்த ஊர். பருத்திப்பட்டில் ஏரியை ஒட்டிய ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருந்தாள். லேப்டாப் கீபோர்டில் நாலைந்து பட்டன் வேலை செய்யவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு வருடம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக வீட்டில் இருந்தவள், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை வாங்கியிருந்தாள். வீட்டில் இருந்தபடியே, சொந்த லேப்டாப்பில் வேலை. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"சீக்கிரம் குடுத்துருங்கக்கா. பூஜை லீவு முடிஞ்சதும் சேரணும். இந்த வேலைய விட்டா எங்களுக்கு வேற வழியே இல்ல," என்றாள்.

கீபோர்டு மாற்றி, பூஜை அன்று சாயங்காலமே கொடுத்தேன். கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனாள்.

மழை ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தாள். காலையில் மீட்டிங்கில் இருக்கும்போது திரை நீலமாகி மெஷின் தானாக நின்று திரும்ப எழுகிறது என்றாள். சார் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி எல்லாம் பார்த்தேன். சூடு இல்லை. ராமைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். இரண்டு நாள் ஓட்டினேன், நிற்கவில்லை. கார்டில் பென்சிலில் 'ராம் பிடிப்பு' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. இந்த முறை சிஸ்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மூன்று நாள் ஓட்டினேன். எங்கள் பெஞ்சில் அது தங்கம் மாதிரி ஓடியது.

மூன்றாம் முறை அவள் வந்தபோது தணிகாசலம் சார் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். கவிதாவுக்கு முகம் வாடியிருந்தது.

"அக்கா, எங்க டீம் லீடர் நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பவோ சமைக்கவோ எழுந்து போயிட்டு, லேப்டாப் மேல பழி போடுறேனாம். சர்வீஸ் சென்டர்ல எழுதி வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க. என்ன குறைன்னு எழுதிக் குடுங்கக்கா."

திரும்பவும் இரண்டு நாள் ஓட்டினேன். திரும்பவும் எதுவும் இல்லை. எனக்கு எரிச்சல். பாபு வேறு பக்கத்தில் இருந்து சீண்டினான்.

"இன்னாக்கா, இந்த மெஷினு நம்ம ஏசிக்காகவே வந்துகினு கீதா? ஊட்டுக்குப் போனா மட்டும் அழுவுது?"

"நீ வாய மூடு. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுதோ, யாருக்குத் தெரியும்," என்றேன்.

அந்த வார்த்தை என் வாயில் இருந்துதான் வந்தது. அதே எரிச்சலில், கார்டிலும் லெட்டர் தாளிலும் பேனாவால், 'பரிசோதிக்கப்பட்டது. குறை இல்லை' என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தேன். கவிதா அதைப் படித்தாள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணம் முடிந்து சார் வந்தார். எங்களுக்கு லட்டும் முறுக்கும் கொடுத்துவிட்டு, லீவில் சேர்ந்த கார்டுகளை எடுத்துப் படித்தார். கவிதாவின் கார்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து அவர் மேஜைக்குப் போனேன். நெடுநேரம் துடைத்தார்.

"குறை இல்லைன்னு பேனால எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

"ரெண்டு நாள் ஓட்டினேன் சார். ஒண்ணுமே வரல."

"நம்ம ரூம்ல வரல. அவங்க வீட்ல?"

நான் கார்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"அவங்க மூணு தடவை வந்திருக்காங்க. மூணு தடவையும் காலைலதான் நிக்குதுன்னு சொல்லி, நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு காலைலயாவது நாம அங்க இருந்தோமா? போய்ப் பாத்துட்டு வாங்க. அவங்க மெஷின ஆன் பண்றதுக்கு முன்னாடியே போயிடணும்."

திங்கட்கிழமை. மார்கழி மாதம். ஆறரைக்கெல்லாம் பருத்திப்பட்டு போய்விட்டேன். ஏரி எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குப் பனி. கவிதா கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டாள். அவள் கணவர் பெல்ட் கட்டிய இடுப்போடு மெதுவாக எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழு மணிக்கு ஆன் செய்தாள். ஏழு ஐந்துக்குத் திரை நீலமானது. நான் கண்ணால் பார்த்தேன். கார்டை எடுத்துப் பேனாவில் நேரத்தை எழுதினேன். ஏழு பன்னிரண்டுக்கு மறுபடி. சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி பேட்டரியில் ஓட்டினேன். ஏழு இருபதுக்கு மறுபடி. அப்படியானால் கோளாறு கரன்டில் இல்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, சலித்துப்போன குரல்.

"கவிதா, திரும்பவும் லேப்டாப்பா? உங்க சர்வீஸ் சென்டரே குறை இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமையோட மூணு மாசம் முடியுது. மேல என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

"மேடம், இப்பக்கூட நின்னுச்சு மேடம், இங்க சர்வீஸ்ல இருந்து வந்தவங்களே பாத்துட்டு..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். கவிதா என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய இரண்டு வார்த்தை அந்த வீட்டுக்குள் என்ன வேலை செய்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எட்டு மணிக்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை. ஏன்? எனக்குப் புரியவில்லை. அவள் கணவர் காபி போட சமையலறைக்குப் போக, அவருக்குக் குனியக் கஷ்டம் என்று நானும் உதவிக்குப் போனேன். தீப்பெட்டியை உரசினேன். நாலு குச்சி நமுத்துப்போய்ப் பற்றவில்லை.

"ஏரிக் காத்துக்கா, எல்லாம் நமுத்துப் போயிடுது. உப்பைப் பாருங்க," என்று ஜாடியைக் காட்டினார். உப்பு தண்ணீர் விட்டுக் கட்டியாகக் கிடந்தது.

அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பெஞ்ச் இருப்பது ஏசி அறையில். அங்கே உப்பு நமுக்காது. கார்டில் பென்சிலால் 'ஈரம்?' என்று எழுதினேன். காபி நன்றாக இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு சென்டருக்கு வந்தேன். கவிதாவுக்கு அன்று ஓட்ட எங்கள் ஸ்பேர் மெஷின் ஒன்றை சார் கொடுத்தனுப்பச் சொன்னார். அவளுடைய மெஷினைப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, மூடி போட்டு ஒரு மணி நேரம் விட்டோம். வெளியே எடுத்து ஆன் செய்தேன். நாலாவது நிமிடம் நீலத் திரை.

"அடேங்கப்பா," என்றான் பாபு. "ஊட்ட தூக்கிகினு வந்து டப்பால வெச்சிட்டியேக்கா!"

பென்சிலை அழித்துப் பேனாவில் 'ஈரத்தில் நிற்கிறது' என்று எழுதினேன். இனி எந்த இடம் என்று பார்க்கவேண்டும். அடி மூடியைக் கழற்றி, ராமை எடுத்துவிட்டு, அது உட்காரும் இடத்தைப் பெரிய லென்ஸ் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். முன்பு வெறும் கண்ணால்தான் பார்த்திருந்தேன். பிளாஸ்டிக் விளிம்புக்கு அடியில், முடி முடியாக இருக்கிற கால்களுக்கு நடுவில், மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஈரக் காற்று பட்டால் இரண்டு காலை ஒன்றாக்கிவிடும். மெஷின் சூடேறி அது உலர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

பாபு எட்டிப் பார்த்தான். "சந்தனம் குங்குமம்க்கா! பூஜ போட்டுக்கீறாங்க. லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சிட்டு நம்மள மூணு மாசமா சுத்த விட்டுக்கீறாங்க. எழுதுக்கா, கஸ்டமர் மிஸ்டேக்குன்னு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாடா என்றுகூட இருந்தது. ஆனால் அது நினைத்தது. பார்த்தது இல்லை. போனை எடுத்துக் கவிதாவைக் கூப்பிட்டேன்.

"ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சியாம்மா?"

"இல்லக்கா. அன்னைக்கு அது உங்ககிட்டல்ல இருந்துச்சு? சாயங்காலம் வந்துதானே வாங்குனேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. பூஜை நேரத்தில் எந்த மெஷினும் திறந்து கிடக்கக்கூடாது என்பது சாருடைய கண்டிப்பான உத்தரவு. அன்று கவிதாவின் மெஷினுக்கு அடி மூடி மட்டும் போடவேண்டியிருந்தது. எல்லாரும் கூடிவிட்டார்கள், கற்பூரம் ஏற்றப்போகிறார்கள், பிறகு மூடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் தட்டைத் தூக்கினேன். என் பெஞ்சில் இருந்த லென்ஸ் ஸ்டாண்டுக்குப் பொட்டு வைக்கும்போது விரலில் இருந்து குங்குமம் கலந்த ஒரு சொட்டு, கீழே திறந்திருந்த மெஷினில் விழுந்தது. சந்தனம் நீர்க்கக் கரைத்திருந்தேன். துணியால் ஒற்றி எடுத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். கற்பூரம் காட்டிப் பொரி தின்ற மகிழ்ச்சியில் அந்தச் சொட்டை அன்றைக்கே மறந்தும்போனேன்.

அந்தச் சொட்டுதான் மூன்று மாதமாக ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறது. அந்தப் பழியை நானும் பாபுவிடம் எரிச்சலில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் என் புத்தி எங்கெல்லாம் போனது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுத்தம் செய்து கொடுத்துவிட்டால் மெஷின் நிற்காது. யாருக்கும் தெரியாது. பாபுவுக்கே தெரியாது. எனக்குப் பயம் வேலை போய்விடும் என்று இல்லை. தட்டு போய்விடும் என்றுதான். அந்தத் தட்டு ஏன் இவள் கைக்குப் போனது என்று முணுமுணுத்தவர்கள் இந்த சென்டரிலும் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் வாய்க்கு நானே அவல் கொடுக்கவேண்டுமா? ஆனால் வெள்ளிக்கிழமை மேலே என்ன சொல்லட்டும் என்று கேட்ட அந்தக் குரல் காதிலேயே நின்றது. இனிமேல் மெஷின் ஓடுவதால் மட்டும் கவிதாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இதுவரை அவள் சொன்னது உண்மை என்று யாராவது எழுதித் தரவேண்டும். அதை எழுதக்கூடியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

கார்டை எடுத்துக்கொண்டு சார் மேஜைக்குப் போனேன். பென்சிலில், 'பூஜையின்போது சென்டரில் சிந்தியிருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அவர் படித்தார். கண்ணாடியைத் தொடவே இல்லை.

"சிந்தியிருக்கலாமா?"

"சிந்துச்சு சார். நான்தான் சார் சிந்தினேன். மெஷின மூடாம உட்டுட்டு தட்ட தூக்கிட்டேன். ஒரு சொட்டு உழுந்துது, பாத்தேன், தொடச்சேன். மறந்துட்டேன் சார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.  நான் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படம் அந்தக் கார்டுதான்; 'ராம் பிடிப்பு' மாதிரி தப்பாகப்போன நினைப்பெல்லாம் அதில் பென்சிலிலேயே நின்றுவிட்டன.

பிறகு அவர் லெட்டர் தாளை எடுத்து, என்னை எதிரில் உட்காரவைத்து, அவரே எழுதினார். எனக்கு அது மனப்பாடம். 'இந்தக் கருவியின் கோளாறு எங்கள் நிலையத்தில், எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்டது. குறை இல்லை என்று நாங்கள் முன்பு தந்த சான்று தவறு. வாடிக்கையாளர் சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மை.' கீழே என் பெயரை எழுதுவார் என்று காத்திருந்தேன். தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், தப்பு என்னுது."

"மெஷின் எல்லாம் மூடியிருக்கான்னு பாக்க வேண்டியது என்னோட வேலை. அன்னைக்கு நான் பாக்கல. நீங்க போய் சுத்தம் பண்ணுங்க, சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்."

ஆல்கஹாலும் குழந்தைகளின் மெல்லிய பல் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லென்ஸுக்கு அடியில் ஒவ்வொரு காலாகத் தேய்த்து, சூடான காற்றில் உலர்த்தி, மறுபடி பார்த்து, மறுபடி தேய்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு வெந்நீர் டப்பாவில் வைத்து எடுத்து ஓட்டினேன். நிற்கவில்லை. மறுபடி வைத்து எடுத்தேன். நிற்கவில்லை. பாபு நடந்ததைத் தெரிந்துகொண்டு, வழக்கமாகப் பேசுகிற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, எனக்கு டீ வாங்கிவந்து ஓரமாக வைத்தான்.

லேப்டாப்பையும் கடிதத்தையும் நானே பருத்திப்பட்டுக்குக் கொண்டுபோனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா கடிதத்தைப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அழுதுவிட்டாள்.  "மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை அப்பவே எழுதியிருக்கலாம்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. வேலை நிரந்தரம். டீம் லீடர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் சொன்னாராம். மேலிடத்தில் இருந்து சாருக்கு நீளமான மெயில் ஒன்று வந்ததும், அதை அவர் பிரிண்ட் எடுத்து டிராயரில் வைத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. என் பெயர் மேலிடம் வரை போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ போர்டுகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால் அது அந்த மனிதருக்குத்தான். அன்று என்னைத் திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். மூடி மறைத்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கூசியிருப்பேன். இரண்டும் செய்யாமல் ஒரு பேனாவை நகர்த்தினார். இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போன் செய்து அவர் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "தேவலைன்னு நினைக்கிறேன், பென்சில்ல எழுதுங்க" என்பார்.

அடுத்த வருட ஆயுத பூஜை வந்தது. புடவை எடுக்கவில்லை. பூஜை அன்று தண்ணீர் டிரம் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். எல்லா மெஷினையும் மூடி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். சார் பெஞ்ச் பெஞ்சாகப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

"சந்தனம் கரைச்சாச்சா, லோகநாயகி?"

"இந்த வருஷம் வேற யாருனா கரைக்கட்டும் சார்."

"ஏன், கை வலியா?"

"அதில்ல சார்..."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லார் காதிலும் விழும்படிதான் பேசினார்.

"போன வருஷம் மெஷின் தொறந்து கெடந்தது தப்பு. தட்டு உங்க கைல இருந்தது தப்பு இல்ல. பிடிங்க."

பிடித்துக்கொண்டேன். சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்தேன். "இன்னாக்கா, சட்னி மாறி கீது!" என்றான் பாபு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துணிக்கு மேல் பொட்டு வைக்கவேண்டாம், நம்முடைய ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் சால்டரிங் அயர்னுக்கும் மட்டும் போதும் என்று சார் சொல்லியிருந்தார். அவற்றுக்கு வைத்துக்கொண்டு வந்தேன்.

கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில் வாசலில் கவிதா நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், பெல்ட் இல்லாமல், நேராக நின்றிருந்தார். அவள் தோளில் லேப்டாப் பை. நான் பதறிப்போய், "இன்னாம்மா, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றேன்.

"ஒருநாள்கூட நிக்கலக்கா," என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து லேப்டாப்பை வெளியே எடுத்தாள். இரண்டு கையாலும் அதை என் முன்னால் நீட்டினாள். "நல்லா மூடிட்டுதான் எடுத்துட்டு வந்திருக்கேன். நீங்களே ஒரு பொட்டு வெச்சு விடுங்க."

நான் சாரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். விரலில் ஒட்டிய சந்தனத்தைத் தட்டின் ஓரத்தில் இரண்டு முறை வழித்துவிட்டு, மூடியின் நடுவில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.